மோர் இல்லாத சாப்பாடு

சோறு கொதிக்கும், சாம்பார் கொதிக்கும், ரசம் நுரை கட்டி இறங்கும். மோர் மட்டும் கொதிக்காது. பத்து வருஷமாக ஓட்டல் அடுப்படியில் நிற்கிற இருதயமேரிக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் தெரிந்த சங்கதியே ஒருநாள் எழுந்து வந்து குரல்வளையைப் பிடிக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அது ஐம்பத்தேழு மார்கழியில், ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது.

பாலக்கரையில் செபஸ்தியார் விலாஸ் என்றால் ஆறு பெஞ்சு, வாசலில் ஒரு கல்லாப்பெட்டி, அதற்கு மேலே உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியார் படம், அவ்வளவுதான். கொள்ளைநோய் வராமல் காப்பவர் என்று அந்தப் புனிதர் பெயரை வைத்தவன் சகாயநாதன், இருதயமேரியின் புருஷன். கல்லாவில் அவன், அடுப்படியில் அவள். துறையூரிலிருந்தும் வையம்பட்டியிலிருந்தும் சரக்கு கொண்டுவருகிறவர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன்மார்கள், எல்லாரும் அங்கே கை நனைத்துவிட்டுத்தான் போவார்கள். சாம்பாரில் அவள் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். மோர்தான் அவள் கைராசி. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, வாளியில் கொண்டுவந்து, போதும் போதும் என்று கையை மறிக்கும்வரை ஊற்றுவாள். மோருக்காகவே வருகிறவர்கள் உண்டு.

அன்று காலையில் கிணற்று ராட்டினம் உடைந்து, கயிறும் வாளியும் சேர்ந்து உள்ளே போய்விட்டன. ஏகாதசிக் கூட்டம் ஊர் முழுக்க வழிகிறது. பதினோரு மணிக்கே இலைக்கு ஆள் நிற்கும். ஆசாரியைத் தேடிப் போன சகாயநாதன் பந்தி தொடங்குகிறவரை திரும்பவில்லை. இருதயமேரி தெருவில் போன தண்ணீர் வண்டியை நிறுத்தி, வண்டிக்கார வீரமலையிடம் ஒரு பீப்பாய் கேட்டாள். அவனும் அரைமணியில் கொண்டுவந்து இறக்கினான். அண்டாவில் ஊற்றும்போது பார்த்தாள், பச்சையாக இழை இழையாகப் பாசி.

"வீரமலை, எங்க மொண்ட தண்ணி இது?"

"குழாய்க்கிட்ட ஒரே அடிதடிம்மா. வாய்க்கால்லதான் மொண்டேன். எல்லாம் காவேரித் தண்ணிதானே, போங்க."

உய்யக்கொண்டான் வாய்க்கால் காவேரித் தண்ணீர்தான். வழியில் அது என்னென்னவற்றைக் கழுவிக்கொண்டு வருகிறது என்பதும் பாலக்கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாசலில் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டினாள். சோறு கொதித்தது, சாம்பார் கொதித்தது, ரசம் கொதித்தது. தயிரைக் கடைந்து அந்தத் தண்ணீரை ஊற்றியபோது அவள் கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தை அப்புறம் அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். வாசலில் யாரோ "மோர் வரட்டும்!" என்று சத்தம் போட்டார்கள். ஊற்றிவிட்டாள்.

ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டம்ளர் மோர் வாங்கிக் குடித்தவன் பெயர் நல்லுசாமி. துறையூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரன், மிளகாய் மூட்டை விற்க வந்தவன். "இந்த மோருக்கே இன்னொரு மூட்டை கொண்டாரலாம்மா," என்று சிரித்துவிட்டுப் போனான். சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அவன் பெஞ்சுக்கடியில் மறந்து வைத்துவிட்டுப் போன பித்தளைத் தூக்குவாளி மட்டும் ஓட்டலில் தங்கிவிட்டது.

திருவிழா நேரத்தில் காலரா என்ற வார்த்தை காதில் விழுந்தால் அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்களை வழியிலேயே மறித்து ஊசி குத்திக்கொண்டிருந்த காலம் அது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார், கடைசியாக எங்கே சாப்பிட்டான் என்று விசாரித்தார், ஓட்டலைப் பதினைந்து நாள் மூடச் சொன்னார். அதற்குள் ஆசாரி ராட்டினத்தைச் சரிசெய்து, புதுக்கயிறும் போட்டாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கிணற்றிலிருந்து ஒரு புட்டித் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதிக்கு பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். பொங்கல் கழிந்ததும் காகிதம் வந்தது. கிணற்றில் ஒரு குற்றமும் இல்லை, ஓட்டலைத் திறக்கலாம்.

"பாத்தியா மேரி! நம்ம மேல தப்பு இல்லைன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துட்டான்!" சகாயநாதன் அந்தக் காகிதத்தைச் செபஸ்தியார் காலடியில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவளும் தலையாட்டினாள். கிணறு நல்ல கிணறுதான். அன்றைக்கு அந்தக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லையே. சகாயநாதனோ, முந்தின நாள் இறைத்து வைத்த தண்ணீரில்தான் அன்று சமையல் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சகாயநாதன் நல்ல மனுஷன். ஆனால் அவன் காதில் ஒன்று விழுந்தால் அரைமணியில் அது எதிர்த்த சோடாக்கடை வரைக்கும் போய்விடும். அதுவும் தவிர, ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன் என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

அவளுக்கு வந்த பயம் ஒரு பயமல்ல. அன்று மோர் குடித்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. உள்ளூர்க்காரர்கள் நடமாடுகிறார்களா என்று வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கண்ணாடிக்காரக் குமாஸ்தா தென்பட்டபோது கும்பிடாத குறை. ஆனால் வெளியூர்க்காரர்கள்? ஸ்ரீரங்கத்துக்குப் போகிறோம் என்று கைக்குழந்தையோடு வந்த அந்த வையம்பட்டிக் குடும்பம்? வராதவர்கள் பயந்துகொண்டு வராதவர்களா, இனிமேல் வரவே முடியாதவர்களா? ராத்திரி தூக்கத்தில் அந்தக் குழந்தைக்கு அவளே டம்ளரை நீட்டினாள். சாவு மேளம் எந்தத் தெருவில் கேட்டாலும் கரண்டியைப் போட்டுவிட்டு யார் வீட்டில் என்று விசாரிக்க ஓடினாள். தான் அன்று அந்த மோரைக் குடிக்கவில்லை என்பதும் உறுத்தியது. கடைசியாகச் சாப்பிட்டவளுக்கு வாளியில் மிச்சமில்லை. சகாயநாதனோ சளி உடம்புக்காரன், மோர்ப்பக்கமே போக மாட்டான்.

போதாக்குறைக்கு வீரமலை. அன்றிலிருந்து அவன் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. ஒருதடவை முனையில் வண்டியோடு நின்றவன், இவளைக் கண்டதும் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். யாரிடம் சொன்னான், எப்போது சொல்லப்போகிறான் என்று இவள் நாளெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டலைத் திறந்தார்கள். முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஊருக்குப் புதுசு. பாதிச் சாப்பாட்டில் எதிர்த்த சோடாக்கடை அப்துல் சுக்கூரிடம் விலாசம் விசாரிக்கப் போனவர் திரும்பியே வரவில்லை. அப்துல் சுக்கூரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் இவர்களுக்கு வேண்டியவர்தான். ஆனால் ஊரே தண்ணீருக்குப் பயந்து சோடா குடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் கடையில் கோலி உடைபடும் சத்தம் ஓயவே இல்லை. அந்தச் சத்தம் வேறு சகாயநாதனைக் குத்தியது.

அவன் சும்மா உட்கார்கிற ஆளில்லை. முதலில் சுவருக்கு வெள்ளையடித்தான். சாவு விழுந்த வீட்டுக்குத்தானே உடனே வெள்ளையடிப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்து, 'எங்கள் கிணற்று நீர் சர்க்கார் பரிசோதனையில் சுத்தம் எனத் தேறியது' என்று பெரிதாகப் போர்டு எழுதி மாட்டினான். விஷயமே தெரியாமல் போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் நின்று படித்து, என்ன சமாசாரம் என்று விசாரித்து, தெரிந்துகொண்டு போனார்கள்.

கடைசியாகத்தான் மாதா கோயில் பங்குச் சாமியாரை அழைத்து ஓட்டலை மந்திரிக்கச் சொன்னான். அது நல்ல யோசனைதான். தீர்த்தம் தெளித்து, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நாலு கத்தோலிக்கக் குடும்பமாவது தைரியமாக வந்திருக்கும். ஆனால் சகாயநாதனுக்கு அது ஆடம்பரமாக நடக்க வேண்டும், தெரு முழுக்கத் தெரிய வேண்டும். சாமியாருக்குத் தெரியாமல் கோயிலில் எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளையைப் பிடித்து, பெரிய குடையும் கைமணியுமாக வரச் சொல்லிவிட்டான். பாலக்கரையில் சாமியார் குடைக்குக் கீழே நடக்க, முன்னால் ஒருவன் மணி அடித்துக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாகக்கிடக்கிற யாருக்கோ அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போகிறார்கள். வழியெல்லாம் ஜனங்கள் முழங்காலில் விழுந்து நெற்றியில் சிலுவை போட்டார்கள். அந்த ஊர்வலம் நேராகச் செபஸ்தியார் விலாசுக்குள் நுழைந்தது.

"அடுத்தது யாருப்பா? சகாயமா, மேரியா?" என்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். உயிரோடு கல்லாவில் உட்கார்ந்திருந்த சகாயநாதனே எழுந்து அவர்களுக்குப் பெஞ்சைத் துடைத்துப் போட வேண்டியிருந்தது.

புருஷன் மேல் பழிபோட்டுச் சிரிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கேட்டை இருதயமேரிதான் செய்தாள். அவள் மோரை நிறுத்திவிட்டாள். கிணற்றுத் தண்ணீரையும் காய்ச்சாமல் எதிலும் சேர்ப்பதில்லை என்று ஆக்கிவிட்டாள். அடுப்படியில் எந்நேரமும் ஒரு அண்டா கொதித்துக்கொண்டே இருந்தது. இருந்தும் மத்தைக் கையில் எடுத்தாலே விரல் விறைத்துக்கொண்டது. தப்பித்தவறி வந்த ஒருவர் இரண்டு பேரும் ரசம் முடிந்து இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "மோர் இல்லீங்க," என்பாள். "இந்தக் கடையிலயா மோர் இல்லை?" என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் வர மாட்டார்கள். குற்றமுள்ள இடத்தை அவளே கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாசி பிறந்தது. "இந்த மாசம் பாப்போம் மேரி. இல்லைன்னா மூடிட்டுப் பொன்மலைக்குப் போயிடலாம். உன் தம்பி வீட்டுத் தாவாரத்துல படுத்துக்கலாம். எனக்கு ரயில்வே வொர்க்‌ஷாப்ல ஏதாவது எடுபிடி வேலை கெடைக்கும்," என்றான் சகாயநாதன். அந்தப் பேச்சில் விளையாட்டு இல்லை. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கிய பெஞ்சுகளை அவன் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

மறுவாரம் புதன்கிழமை, நல்ல உச்சிவேளையில், ஓட்டலில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். வெள்ளைப்புடவை, வெறும் கழுத்து, காலெல்லாம் புழுதி.

"இது செபஸ்தியார் ஓட்டலுங்களா? நான் துறையூர்ப் பக்கம். மார்கழியில இங்க சாப்பிட்டுப்புட்டு எறந்தாரே, நல்லுசாமின்னு. அவரு சம்சாரம். சந்திரம்மா."

சகாயநாதன் எழுந்து நின்றான். கை தானாகக் கூப்பிக்கொண்டது. இருதயமேரி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதோ வந்துவிட்டது. இத்தனை நாள் எந்த வழியாக வருமோ என்று பயந்தது, வெள்ளைப்புடவை கட்டிக்கொண்டு வாசல் வழியாகவே வந்துவிட்டது.

"அவரு ஒரு தூக்குவாளி கொண்டாந்தாரு. பித்தளை. இங்க இருக்குங்களா?"

இருக்கிறது. பரண்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாள். மூடியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஏறி எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். சந்திரம்மா வாங்கி, அவசரமாக மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, உடனே மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். போய்விடுவாள், கர்த்தரே, இவள் போய்விட வேண்டும் என்று இருதயமேரி உள்ளுக்குள் மன்றாடினாள்.

சந்திரம்மா போகவில்லை. பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்தாள்.

"அவரு எங்க உக்காந்தாருங்க?"

சகாயநாதன் ஜன்னலோரத்தைக் காட்டினான். அவள் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு சாப்பாடு போடுங்க."

இதற்குள் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், பாலக்கரையில் செய்திக்குக் கால் முளைக்க வேண்டியதில்லை. அப்துல் சுக்கூர் சோடாப் புட்டியைக் கையில் பிடித்தபடி கடையைவிட்டு இறங்கி நின்றார். செத்தவன் பெண்டாட்டி வந்திருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று இருபது முப்பது பேர் ஜன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். அந்தத் தலைகளுக்குப் பின்னால், முண்டாசும் மாட்டுச்சாட்டையுமாக ஒரு முகம். வீரமலை. இருதயமேரி பார்த்துவிட்டாள்.

சந்திரம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். சாம்பார் முடித்து, ரசம் முடித்து, இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மோர்?"

"மோர்... மோர் இல்லீங்க."

"அவரு கடைசியாக் குடிச்சது அதுதானுங்களே. ஆஸ்பத்திரியில கெடந்தப்போகூட அந்த மோரைப் பத்திச் சொன்னாரு. எனக்கும் அதுவே குடுங்க."

இருதயமேரி திரும்பி அடுப்படிக்குள் ஓடினாள். ஆமாம், ஓடினாள். உறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீரமலை சொல்லிவிட்டான். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

காலடிச் சத்தம் கேட்டது. சந்திரம்மா சாப்பிட்ட கையோடு உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். முந்தானையிலிருந்த தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, சட்டென்று குனிந்து இருதயமேரியின் காலைத் தொட்டாள்.

"என்னம்மா... என்ன பண்றீங்க? எந்திரிங்க!"

"மன்னிச்சிருங்க. உங்க கடை மூடினதுக்கு நான்தான் காரணம்."

இருதயமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னிக்கு விடியக்காலம் அவருக்கு இதுலதான் பழைய சோறு போட்டுக் குடுத்தேன். எங்க ஊர்ல மழை பொய்ச்சுக் குடிதண்ணிக் கெணறு வத்திப்போச்சு. குட்டைத் தண்ணியை ஊத்தித்தான் ஊற வச்சிருந்தேன். அதுக்கு முந்தின வாரம் பக்கத்துத் தெருவுல ஒரு பிள்ளைக்கு வாந்திபேதி கண்டுச்சு. அந்தத் துணியெல்லாம் அந்தக் குட்டையிலதான் அலசுனாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊத்துனேன். அவசரம், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நின்னாரு." அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. "ஆபீசர் வந்து வீட்ல ஏதாச்சும் சாப்பிட்டாரான்னு கேட்டாங்க. இல்லீங்க, வெறும் வயித்தோட போனாருன்னு சொல்லிட்டேன். கொழுந்தனாருங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. சொன்னா என்னை உசிரோட விட மாட்டாங்க. இந்தத் தூக்கைத் தேடி எவனாச்சும் வந்துருவானோன்னு இத்தனை நாளா எனக்குத் தூக்கமே இல்லீங்க. முப்பதாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சு இப்பத்தான் வெளிய வர முடிஞ்சுது. வந்து பாத்தா, கடையில ஒரு ஆள் இல்லை. என் பொய்யால ஒரு குடும்பம் அழிஞ்சுதேன்னுதான் உக்காந்து சாப்பிட்டேன். ஊர் பாக்கட்டும்னு சாப்பிட்டேன்."

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டதும் இருதயமேரிக்கு வந்தது இரக்கமல்ல. அப்பாடா என்று ஒரு மூச்சு. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்தது. நான் இல்லை. என் மோர் இல்லை. அந்த வையம்பட்டிக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. குட்டைத் தண்ணீர், பழைய சோறு, இவள்தான். வாயை மூடிக்கொண்டு, எழுப்பி, கண்ணைத் துடைத்து, போய்விட்டு வாம்மா என்று பஸ் ஏற்றிவிட்டால் போதும். ஓட்டலும் பிழைத்துக்கொள்ளும். வெளியே ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சந்திரம்மா தரையில் குந்தி, தூக்குவாளியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. இருதயமேரி தன் விரல்களைப் பார்த்தாள். அவளுடையதும் அப்படித்தான் இருந்தன.

சொல்லாதே என்று பயம் சொன்னது. வாசலில் வீரமலை நிற்கிறான். புருஷன் நிற்கிறான். சொன்னால் இவள் வெளியே போய் ஒரு கத்துக் கத்தினால் போதும், எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் இந்தப் பெண் சாகிறவரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

"சந்திரம்மா," என்றாள். "அன்னிக்கு எங்க கெணத்துல ராட்டினம் உடைஞ்சுபோச்சு."

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. வண்டித் தண்ணீர், பாசி, வெள்ளைத் துணி, ஒரு கணம் நின்ற கை, மூன்று டம்ளர், எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றைப் பரிசோதித்ததும், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வாயை மூடி இருந்ததும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. அண்டா மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ரெண்டுல எதுங்க?" என்றாள் சந்திரம்மா.

"தெரியலையே."

"இனிமே தெரியவும் தெரியாது, இல்லீங்களா?"

"தெரியாது."

சந்திரம்மா எழுந்தாள். முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். கோபிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று இருதயமேரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரெண்டு மாசமா முழுசையும் நான் ஒருத்தியே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்களும் முழுசையும் தூக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க. பாதி எனக்குங்க. பாதி உங்களுக்கு." அவள் அண்டாவைப் பார்த்தாள். "தண்ணி காச்சுனதுதானே? ஆறுனது இருக்கா? தயிர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மோர் கடைங்க. வெளிய வச்சுக் கடைங்க. அவங்க பாக்கட்டும்."

இருதயமேரி தயிர்ச் சட்டியையும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு நேரே பெஞ்சில் வைத்தாள். மத்தைப் பிடித்தபோது விரல் விறைத்தது. விறைத்தபடியே கடைந்தாள். இரண்டு டம்ளர் ஊற்றினாள். ஒன்றைச் சந்திரம்மாவிடம் நீட்டிவிட்டு, இன்னொன்றை, தெருவே பார்க்க, தானே எடுத்துக் குடித்தாள். மார்கழிக்குப் பிறகு அவள் தொண்டையில் இறங்கிய முதல் மோர் அதுதான். இஞ்சி போட மறந்துவிட்டிருந்தாள்.

சந்திரம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நல்லாயிருக்குங்க. எங்க வீட்டுக்காரரு சொன்னது சரிதான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செத்தவன் பெண்டாட்டியே குடித்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

தலைகளை விலக்கிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவன் வீரமலை. முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தபிறகுதான் இருதயமேரிக்குப் புரிந்தது, அவனும் இத்தனை நாள் இவளுக்குப் பயந்துதான் தெருவை மாற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"எனக்கும் ஒரு இலை போடுங்கம்மா," என்றான் மெதுவாக. "மோரும்."

அப்துல் சுக்கூர் கையிலிருந்த சோடாவை அங்கேயே திண்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அடச்சே, என்ன சகாயம், நின்னுக்கிட்டே இருக்கீங்க? இலையைப் போடுங்க!" என்று அதட்டினார். சாயங்காலம் தூக்குவாளியைக் கொதிதண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுத்து, சந்திரம்மாவைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள் இருதயமேரி. பத்து நாளில் ஆறு பெஞ்சும் நிரம்பின. பங்குனியில் இரண்டு பெஞ்சு கூடப் போட வேண்டியிருந்தது.

வியாபாரம் திரும்பியதற்குத் தெரு ஆயிரம் காரணம் சொன்னது. சாமியார் வந்து மந்திரித்ததால்தான் என்றான் சகாயநாதன். ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்டது ஒன்றை. தினமும் பந்தி தொடங்குமுன் அந்த ஓட்டல்கார அம்மா வாசல் பார்த்து நின்று, வாளியிலிருந்து முதல் டம்ளர் மோரைத் தானே குடிக்கிறாள். அப்புறம்தான் அடுத்தவருக்கு ஊற்றுகிறாள். என்ன சாமர்த்தியமான யோசனை என்று மெச்சினார்கள். கீழத்தெருவில் இரண்டு ஓட்டல்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்ய ஆரம்பித்தார்கள். "எல்லாம் என் சம்சாரத்தோட ஐடியா," என்று சகாயநாதன் கல்லாவில் நெஞ்சை நிமிர்த்துவான். அவனுக்கு அவள் கடைசிவரை சொல்லவே இல்லை.

டம்ளரை வைத்தபிறகு அவள் வயிற்றில் கை வைத்தபடி சாயங்காலம்வரை நடமாடுவதை யாரும் கவனித்ததில்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்து, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். மறுநாள் உச்சிக்கு அது மறுபடி நின்றுபோகும். இப்படிப் பதினோரு வருஷம்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் விலக்கு. ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னால் துறையூர் பஸ்ஸில் சந்திரம்மா வருவாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். முதல் டம்ளரை இருதயமேரி பாதி குடித்துவிட்டு அவளிடம் நீட்டுவாள். மிச்சப் பாதியைச் சந்திரம்மா குடிப்பாள். அன்று ஒருநாள் இருதயமேரிக்குப் பயம் இருக்காது.